ஒரே வேளையில் இரண்டு துளி

பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரை ஜி.எஸ்.டி. சாலையோர மருந்துக்கடை எதில் கேட்டாலும் குளுக்கோமீட்டர் கிடைக்கும். விரல் நுனியைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, சில நொடிகளில் சுகர் எவ்வளவு என்று சொல்லிவிடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த அத்தியாயம் அதே கருவியை வேறொரு திரவத்தில் வைத்துப் பார்ப்பதைப் பற்றியது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரை டாக்டர்கள் சி.எஸ்.எஃப். என்பார்கள், நோயாளியின் வீட்டார் முதுகுத் தண்ணி என்பார்கள். மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் முதுகில் ஊசி போட்டு இந்த நீரை எடுக்கும்போது, அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைக் கட்டிலருகிலேயே அளந்துவிடலாமா? அளக்கலாம், அளக்கவும் வேண்டும் என்பதே என் வாதம். ஆனால் கிடைக்கும் எண்ணை ஒரு பக்கமாக மட்டுமே நம்ப வேண்டும். மிகக் குறைவாக வந்தால் அது அப்போதே வேலையைத் தொடங்கச் சொல்லும் சான்று. சரியாக இருப்பதாக வந்தால், அதை வைத்து நோய் இல்லை என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

தாம்பரத்துக்கு இது பழகிய கேள்வி. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரிலும் சானடோரியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாம்பரத்துக்கு வருமுன் சவுரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917இல் கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஒரு மருத்துவர் வாதிட்டார். உறுதியான சோதனை கையில் இல்லாதபோது மருத்துவர் ஊகத்தின் மேல்தான் நிற்க வேண்டியிருக்கிறது. நுரையீரல் காசநோயில் அந்த நிலை பெருமளவு மாறிவிட்டது. அதே கிருமி மூளை உறையைத் தாக்கும்போது மட்டும் இன்றும் அதிகம் மாறவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1990களில் தாம்பரம் மருத்துவமனை நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூளை உறையைத் தாக்குபவற்றில் முதன்மையானவை இரண்டு: காசநோய்க் கிருமி, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. இரண்டுமே வாரக்கணக்கில் தலைவலி, வாந்தி, மந்தம் என்று மெல்லத்தான் வரும். இரண்டுமே தண்டுவட நீரின் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை.

மூளையின் உள்ளறைகளில் உள்ள ரத்தக்குழாய்ப் பின்னல் ஒரு நாளில் ஏறத்தாழ 500 மில்லி நீரைச் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். ஆக நாளுக்கு மூன்று முறை பழைய நீர் போய்ப் புது நீர் வருகிறது. அதிலுள்ள சர்க்கரை ரத்தத்திலிருந்து வருவது. அது தானாகக் கசிந்து வருவதில்லை; குளூட்-1 என்ற புரதம் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறாகப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. உடல் நலமாக இருக்கும்போது ரத்தத்தில் 100 மில்லிகிராம் இருந்தால் தண்டுவட நீரில் 60, 65 இருக்கும். சீழ்பிடிக்கும் மூளைக்காய்ச்சலில் இந்த அளவு 40க்குக் கீழே இறங்கும், சில வேளை பூச்சியத்தை ஒட்டியே போகும். கிருமி தின்றுவிடுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக் காரணம்கூட ஆகாது. கிருமியை எதிர்க்கக் குவியும் வெள்ளணுக்கள் சர்க்கரையை எரிக்கின்றன, வீங்கிய மூளைத் திசு வழக்கத்தைவிட அதிகமாக எரிக்கிறது, சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் பாதையும் சீர்கெடுகிறது. வைரஸ் காய்ச்சல்களில் இவை பெரும்பாலும் நடப்பதில்லை; சர்க்கரை அப்படியே இருக்கும். ஜெர்மனியில் ஹைன்ரிஷ் குவிங்கே 1891இல் முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் முறையை வகுத்தார். இரண்டே ஆண்டில், 1893இல், லிக்ட்ஹைம் என்ற மருத்துவர் சீழ் மூளைக்காய்ச்சலிலும் காசநோய் மூளைக்காய்ச்சலிலும் அந்த நீரில் சர்க்கரை குறைவதைக் கவனித்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கும் முந்தைய அறிவு இது. இத்தனை காலம் கழித்தும் நாம் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

தண்டுவட நீரின் சர்க்கரையைத் தனியாக வைத்துப் படிக்க முடியாது. ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். நீரிழிவுக்காரர் ஒருவர் காய்ச்சலோடும் குழப்பத்தோடும் வருகிறார். தண்டுவட நீரில் சர்க்கரை 80. லேப் தாளில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பார்த்தால் 80 என்பது குறைவே இல்லை, சற்று அதிகம். அதே வேளையில் அவர் ரத்தத்தில் 280 இருந்திருந்தால், நீர் அளவை ரத்த அளவால் வகுத்த விகிதம் 0.3க்கும் கீழே, அது எச்சரிக்கை மணி. இன்னொருவர் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தவர். தண்டுவட நீரில் 38. தாளில் சிவப்புக் கோடு விழும். ரத்தத்தில் 60 என்றால் விகிதம் 0.6க்கு மேல், மூளை உறையைச் சந்தேகிக்க இந்த எண்ணில் எதுவுமில்லை. இந்தியாவில் நீரிழிவோடு வாழ்வோர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களும் சென்னைக்காரர்கள்தான். இப்படிப்பட்ட ஊரில் ரத்த அளவு இல்லாத தண்டுவட நீர் அளவை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. விகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பண்டிகை நாளில் பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் எத்தனை வண்டி வந்து நின்றாலும் கவுன்டர் கடந்து போவது ஒரே வேகத்தில்தான். குளூட்-1 புரதமும் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை 300, 400 என்று ஏறினால் உள்ளே போவது அதே விகிதத்தில் ஏறாது. நோயே இல்லாமலும் விகிதம் 0.4 வரை இறங்கலாம். எனவே நீரிழிவுக்காரரிடம் 0.45 என்று வந்ததும் பதற வேண்டியதில்லை, 0.25 வந்தால் அலட்சியப்படுத்தவும் கூடாது.

இரண்டு அளவும் ஒரே வேளையில் எடுக்கப்பட வேண்டும் என்பது பாடநூலில் இருக்கிறது. நடைமுறையில் அது சிதறிப்போகும் விதம் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் புதிதல்ல. காலையில் எடுத்த ரத்தம், மாலையில் எடுத்த தண்டுவட நீர், நடுவில் ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் டிரிப், இரவு ஷிஃப்டில் வந்துசேரும் ரிப்போர்ட் என்று நான்கும் நான்கு நேரத்தில் நிற்கும். ரத்தச் சர்க்கரை மாறினால் அந்த மாற்றம் தண்டுவட நீரில் முழுதாகத் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே காலை ரத்தத்தையும் மாலை நீரையும் வகுத்துக் கிடைக்கும் விகிதம் வெறும் கணக்கு. குழாயில் இருக்கும் நீரும் சும்மா இருப்பதில்லை. வெள்ளணுக்கள் நிறைந்த நீர் என்றால் குழாய்க்குள்ளேயே சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்கும்; அதைத் தடுக்கத்தான் ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். அவசரத்தில் சாதாரணக் குழாயில் பிடித்து, லேபுக்கு எடுத்துப் போக ஆள் வரும்வரை மேசையில் வைத்துவிட்டால், எடுத்தபோது 55 இருந்தது லேபில் அதைவிடக் குறைவாக அளக்கப்படும். ராத்திரியில் உயிர்வேதியியல் லேப் இயங்காத சிறிய மருத்துவமனையில் மாதிரி வெளியே போய்த்தான் வரவேண்டும். நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்தும் காரும் பெருங்களத்தூர் சிக்னலில் ஊர்ந்துகொண்டிருக்க, மாதிரி இருக்கும் ஐஸ் பெட்டியும் கூடவே ஊர்ந்துகொண்டிருக்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகும் சாலை என்னவோ அதே சாலைதான்.

கட்டிலருகில் அளப்பதன் முதல் பயன் வேகம் என்றே பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய பயன் இரண்டு எண்களும் ஒரே வேளையில் கிடைப்பது. நோயாளி பக்கவாட்டில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுத்திருக்கிறார். இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளை இணைக்கும் கோட்டை ஒட்டி, மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் ஊசி போகிறது. உள்கம்பியை உருவியதும் ஊசியின் அடியில் ஒரு துளி திரண்டு தொங்குகிறது. முதல் குழாயில் பிடிக்குமுன் அல்லது பிடித்த குழாயிலிருந்து ஒரு துளியை ஸ்ட்ரிப்பின் நுனியில் தொட்டால் போதும். நுனியிலுள்ள மெல்லிய பள்ளம் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதே மீட்டரில், அதே டப்பாவிலிருந்து எடுத்த இன்னொரு ஸ்ட்ரிப்பில், விரல் ரத்தம். ஊசியின் வலியும் பயமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் விரலை ஊசிக்கு முன்பே குத்திவிடுவது நல்லது. இரண்டு எண்ணையும் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், பிறகு எந்த ஷிஃப்ட் டாக்டர் வந்து பார்த்தாலும் பொருள் மாறாத ஒரு விகிதம் அங்கே இருக்கும். செலவு இரண்டு ஸ்ட்ரிப்.

இந்த மீட்டர் ரத்தத்துக்காகச் செய்யப்பட்டது, தண்டுவட நீருக்காக அல்ல என்பதுதான் மிக வலுவான ஆட்சேபம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்ட்ரிப்பில் பூசியிருப்பது சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு நொதி. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை டேனிஷ் ஆய்வாளர் டெட்லெவ் முல்லர் பூஞ்சையில் கண்டறிந்தது 1928இல். தாம்பரத்தில் சானடோரியம் திறந்த அதே ஆண்டு. அந்த நொதியை மின்முனையோடு சேர்த்துச் சர்க்கரையை மின்னோட்டமாக அளக்கும் வழியை லீலண்ட் கிளார்க் 1962இல் காட்டினார். இன்றைய ஸ்ட்ரிப்புகளில் பல வேறு நொதியைப் பயன்படுத்தினாலும் அடிப்படை அதுவே. ஆனால் ரத்தம் வெறும் சர்க்கரைத் தண்ணீர் அல்ல. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சிவப்பணுக்கள். அவை ஸ்ட்ரிப்பில் சர்க்கரை பரவுவதைத் தடுக்கும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இவ்வளவு அணு இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் மீட்டரின் கணக்கை அமைத்திருக்கிறார்கள். ரத்தசோகை உள்ளவரிடம் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது நன்கு தெரிந்த விஷயம். தண்டுவட நீரில் சிவப்பணுவே இல்லை. ரத்தசோகையின் கடைசி எல்லை என்று அதைக் கருதலாம். எனவே மீட்டர் காட்டும் எண் உண்மையைவிட உயர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லா மீட்டரும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சில புதிய மாடல்கள் சிவப்பணு அளவைத் தாமே கணித்துத் திருத்திக்கொள்ளும். ரத்தத்துக்கும் நீருக்கும் ஒரே மீட்டரைப் பயன்படுத்தினால் பிழை பிழையோடு கழிந்துவிடும் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. ஒன்றில் அணு இருக்கிறது, மற்றதில் இல்லை. கழியாமல் ஒரு பகுதி மிஞ்சத்தான் செய்யும்.

இதோடு மீட்டரின் இயல்பான தடுமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 15197 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2013 பதிப்பின்படி, 100 மில்லிகிராமுக்குக் கீழே ஒரு மீட்டர் 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்டலாம். நூற்றில் 95 அளவுகள் அந்த எல்லைக்குள் இருந்தால் தேர்ச்சி. வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்ப்பவருக்கு 180க்கும் 190க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தண்டுவட நீரில் முடிவே 40 என்ற கோட்டைச் சுற்றி நடக்கிறது. உண்மை 35 என்றால் மீட்டர் 50 காட்டலாம். அந்த 50ஐ நம்பி, பரவாயில்லை என்று விட்டுவிட்டால் ஓர் உயிர் போகலாம். இந்தத் தடுமாற்றம்தான் மீட்டரை ஒதுக்கிவைக்கச் சொல்பவர்களின் வாதம். என் முடிவும் இதிலிருந்தே பிறக்கிறது, ஆனால் வேறு பக்கமாக. பிழை பெரும்பாலும் எண்ணை மேலே தள்ளும் என்றால், அப்படித் தள்ளியும் 22 என்று காட்டும் மீட்டரின் பேச்சை நம்பலாம். உண்மை அதற்கும் கீழே இருக்கவே வாய்ப்பு. கருவிக்கு எட்டாத அளவுக்குச் சர்க்கரை குறைந்து, 20க்கோ 10க்கோ கீழே என்று திரையில் ‘லோ’ என்ற இரண்டெழுத்து மட்டும் வந்தால், அதைக் கருவிக் கோளாறு என்று எண்ணித் துடைத்துப்போட்டுவிடக் கூடாது. வேறொரு ஸ்ட்ரிப்பில் உடனே இன்னொரு துளி வைக்க வேண்டும், அதிலும் ‘லோ’ வந்தால் அன்றைய இரவின் மிக முக்கியமான ரிப்போர்ட் அதுதான். 50, 60 என்று வந்தாலோ மீட்டர் எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். குறைந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாத ஓர் இடம் உண்டு. கேஷுவால்டியில் அரை மணி நேரத்துக்கு முன் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஊசி போட்டிருந்தால் ரத்தம் 220க்குத் தாவியிருக்கும், நீர் 70இலேயே நிற்கும்; விகிதம் 0.32. இது நோய் அல்ல, ஊசி. ஆகவே விகிதத்தோடு தனி எண்ணையும், ஏற்றிய மருந்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊகத்தை விட்டு ஆய்வுக்கு வருவோம். சிறுநீர் ஸ்ட்ரிப்பைத் தண்டுவட நீரில் நனைத்துப் பார்க்கும் யோசனை 1995இலேயே லான்செட் இதழில் வந்துவிட்டது. இந்திய நோயாளிகளிடம் அதே உத்தியைச் சோதித்த கட்டுரையும் 2013இல் வெளிவந்தது. புரதத்தையும் வெள்ளணுவையும் காட்ட அந்த ஸ்ட்ரிப் உதவும். சர்க்கரைக்கு அவ்வளவு பொருந்தாது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் செய்த கட்டம் அது. நமக்கோ இல்லாததுதான் சான்று. இளநீலம் லேசாக மாறியதா இல்லையா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணால் தீர்மானிப்பதை நம்பி மருந்தை மாற்ற நான் துணியமாட்டேன். குளுக்கோமீட்டர் எண்ணாகச் சொல்கிறது. அவசரப் பிரிவுகளில் அதைச் சோதித்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. நூற்று எழுபதுக்குச் சற்று மேற்பட்ட சோடி அளவுகள், விகிதம் 0.46 என்று கோடு போட்டபோது பாக்டீரியா மூளைக்காய்ச்சலை நன்றாகவே பிரித்துக் காட்டியது. மகிழ்ச்சி தரும் முடிவு. ஆனால் அதில் உண்மையில் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் இருந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரே ஒரு நோயாளி தப்பினாலும் சதவீதம் ஆட்டம் காணும். தவிர, அங்கே வரும் பாக்டீரியா நோய் வேறு, தாம்பரத்துக்கு வரும் காசநோய் வேறு. காசநோயில் சர்க்கரை அந்த அளவுக்குச் சரியாமல் நடுவில் நிற்பதும் உண்டு. 0.46 என்ற எண்ணை அப்படியே இங்கே எடுத்துவந்து ஒட்ட முடியாது. அந்த ஆய்வு காட்டுவது வழியை மட்டும்தான். கோட்டை நாம்தான் போட வேண்டும்.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்த உடனேயே ஆன்டிபயாடிக் போட்டுவிடுகிறோமே, பிறகு இந்த எண்ணால் என்ன மாறப்போகிறது என்று ஒரு கேள்வி எழும். பாக்டீரியா நோய்க்கு அது சரியான நடைமுறை. எந்த எண்ணுக்காகவும் முதல் டோஸ் செஃப்ட்ரியாக்ஸோன் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த ஊசி காசநோயைத் தொடாது. தெளிந்த நீர், நிணநீர் அணுக்கள், பத்து நாள் காய்ச்சல் என்று ஒருவர் படுத்திருந்தால் அது வைரஸாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். 1955இல் வேலூரில்தான் இந்தியாவின் முதல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். ஆக வைரஸும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வைரஸ் என்றால் பெரும்பாலும் தாங்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டியதுதான். காசநோய் என்றால் அன்று மாலையே டி.பி. மாத்திரைகளும் ஸ்டீராய்டும் தொடங்க வேண்டும். காத்திருப்பின் விலையைச் சென்னையே அளந்து வைத்திருக்கிறது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய சிகிச்சை ஆய்வுகளின் முடிவு 1986இல் வந்தது. நல்ல மருந்துகள் ஓராண்டு கொடுத்தும் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறந்தார்கள். முழுதாகக் குணமானவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்கள் கை கால், பார்வை, அறிவு என்று ஏதோ ஒரு குறையோடு பிழைத்தார்கள். எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதே யார் பிழைப்பார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் டெக்ஸாமெதசோன் சேர்த்ததால் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 32 ஆகக் குறைந்தது. இவ்வளவு செய்யக்கூடிய சிகிச்சை கையில் இருக்கும்போது, சந்தேகத்தை ஒரு நாள் முன்னதாகக் கூர்மையாக்கும் எதுவும் வீண் அல்ல. 2010இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த மதிப்பெண் முறையிலும் தண்டுவட நீர்ச் சர்க்கரை 40க்குக் கீழே அல்லது விகிதம் 0.5க்குக் கீழே என்றால் காசநோய்க்கு ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளிதான். அணு, புரதம், நோயின் நாட்கணக்கு, ஸ்கேன் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. கட்டிலருகில் கிடைக்கும் எண்ணும் அந்த ஒரு புள்ளியின் எடைக்கு மேல் பேசக்கூடாது.

ஜீன்எக்ஸ்பெர்ட் வந்த பிறகு இந்தப் பழைய சர்க்கரைக் கணக்கு எதற்கு என்பாரும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபணுவையே காட்டும் கருவி அது; அதன் மேம்பட்ட அல்ட்ரா வடிவத்தை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. பாசிட்டிவ் வந்தால் அதற்கு மேல் கேள்வியே இல்லை. நெகட்டிவ் வந்தால்தான் சிக்கல். மூளை உறைக் காசநோயில் கிருமிகள் மிகச் சொற்பம். எடுத்த நீரில் அகப்படாமலே போகலாம். வியட்நாமில் நடந்து 2020இல் வெளியான ஒப்பீட்டில், நோய் இருப்பதாகக் கருதப்பட்டவர்களில் பாதிப் பேரைக்கூட அல்ட்ரா பிடிக்கவில்லை. மீதிப் பேருக்குச் சர்க்கரை, புரதம், அணு என்ற பழைய மூவர்தான் துணை. கிரிப்டோகாக்கஸ் கதை வேறு. அங்கே பத்து நிமிடத்தில் கோடு காட்டும் ஆன்டிஜென் ஸ்ட்ரிப் இருக்கிறது, நம்பகமானது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அந்தப் பூஞ்சை இருந்தும் சர்க்கரை இயல்பாகவே இருப்பதுண்டு. எச்.ஐ.வி. வார்டில் குளுக்கோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஆன்டிஜென் ஸ்ட்ரிப் வாங்காமல் இருந்தால் அது தப்பான சிக்கனம்.

கம்பெனியே தண்டுவட நீருக்கு உத்தரவாதம் தராதபோது மருத்துவமனை எப்படிப் பயன்படுத்துவது என்பது நிர்வாகத்தின் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். எந்த மீட்டர் வார்டில் இருக்கிறதோ அதையே லேப் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பதில். தினமும் தண்டுவட நீர் வரும் தாம்பரம், செங்கல்பட்டு போன்ற மருத்துவமனைகளில் ஒரு லேப் பொறுப்பாளர் மனம்வைத்தால் நாற்பது ஐம்பது மாதிரிகளைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. புதிய அளவு முறையைப் பழையதோடு ஒப்பிட லேப் உலகம் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சமே நாற்பதுதான். மீட்டர் எவ்வளவு உயர்த்திக் காட்டுகிறது, எந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் தவறவில்லை என்று அந்த மாடலுக்கென ஒரு கோடு கிடைக்கும். அடுத்த டெண்டரில் வேறு கம்பெனி மீட்டர் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். மாடல் மாறியதைக் கவனிக்காமல் பழைய கோட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் மோசம் போவோம். பச்சிளம் குழந்தைக்கு இந்தக் கோடு பொருந்தாது. அவர்களிடம் இயல்பான விகிதமே பெரியவர்களைவிட உயர்ந்தது. தொற்றே இல்லாமல் சர்க்கரை குறையும் நோய்களும் உண்டு. மூளை உறையில் பரவிய புற்று அவற்றில் ஒன்று. பிறவியிலேயே குளூட்-1 குறைந்த குழந்தை இன்னொன்று. அந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும், காய்ச்சல் இருக்காது, ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கும், நீரில் மட்டும் குறைந்திருக்கும். 1991இல் விவரிக்கப்பட்ட இந்தக் குறைபாட்டுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு நன்றாக வேலை செய்கிறது. காய்ச்சல் இல்லாத குழந்தையின் ஸ்ட்ரிப்பில் குறைந்த எண் வந்தால் லேபில் உறுதிசெய்துகொண்டு அந்தப் பக்கமும் யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக வரும் நீரில் இதற்கு வேறு பங்கா என்று லேப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு வரக்கூடும். காசநோயைத் தேடும்போது நீர் எவ்வளவு கூடுதலாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பெரியவர்களிடம் குறைந்தது 6 மில்லி, முடிந்தால் 10 மில்லி எடுத்து, சுழற்றி, அடியில் படிவதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஒரு மில்லி மட்டும் எடுத்து அதையே ஐந்து சோதனைகளுக்குப் பங்கிடும் வழக்கத்தால் தவறவிட்ட காசநோய் எத்தனையோ. ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஊசியின் அடியில் ஒட்டிக்கொண்டு வீணாகப் போவதே அதைவிட அதிகம்.